தடியோடு இரவு ரோந்து: போகலாமா, வேண்டாமா?

மூன்றாம்மாடி:
நகரத்தின் நடுவில் பழைய, நெருக்கமான தெரு எங்களுடையது. பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள், யார் எந்த வீடு என்றே தெரியாது. போன வாரம் பின்சந்து வழியாக வந்து ஒரு வீட்டுப் பூட்டை உடைத்தார்கள். ஐந்தே நாளில் அதற்கு அடுத்த வீடு. இப்போது இளைஞர்கள் தடியும் டார்ச்சுமாக ரோந்து கிளம்பப் போகிறார்களாம். வாட்ஸ்அப் குழுவில் தினமும் யாராவது ஒருவரின் படத்தைப் போட்டு "இவன் யார்?" என்கிறார்கள். நேற்று மாட்டியவர் மீட்டர் பார்க்க வந்த மனிதர். எனக்குத் திருடனைவிட இதுதான் பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சுருக்கம்:
நாலு கேமரா மாட்டுங்க. வேலை முடிஞ்சது.

பழையரோந்து:
கேமரா, திருட்டு நடந்த பிறகு பார்த்துப் பெருமூச்சு விட உதவும். சரி, அது கிடக்கட்டும்.

நாங்களும் ரோந்து போனோம். பதினோரு ராத்திரி ஓடியது. முதல் நாள் பதினாறு பேர், கடைசி நாள் நானும் இன்னொருவரும். ஒன்பதாம் ராத்திரி, பையோடு வேகமாக நடந்துவந்த ஒரு பையனை மடக்கினோம். பைக்குள் சீருடை, காலி டிபன் டப்பா. எங்கள் தெருவிலேயே மாடி அறையில் ஒரு வருஷமாகக் குடியிருப்பவன், ஷிப்ட் முடிந்து வருகிறான். எங்களில் ஒருவருக்கும் அவனைத் தெரியவில்லை. டப்பாவைத் திரும்பப் பைக்குள் வைக்கும்போது அவன் கை நடுங்கியது. தடி என் கையில்தான் இருந்தது.

நீங்கள் சொன்னதில் முக்கியமானது அந்த ஐந்து நாள். ஒரு வீட்டை உடைத்தால், அந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் அடுத்த சில வாரங்கள்தான் ஆபத்து அதிகம். வழி பழகிவிட்டது, விட்டுப்போனது என்னவென்றும் தெரியும், வராமல் இருப்பானா? இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துக் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களில் இதை வைத்தே வேலை செய்தார்கள். பகுதி முழுக்கக் காவல் போடவில்லை. திருட்டுப்போன வீட்டைச் சுற்றி ஐந்தாறு வீட்டுக்காரர்களை மட்டும் அதன்மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார்கள். அங்கே பல வீடுகளில் காசு போட்டால் ஓடும் மின்சார, கேஸ் மீட்டர்கள் இருந்தன. திருடர்கள் அந்தச் சில்லறைக்கே வந்ததால், அவற்றையும் மாற்றினார்கள். மூன்று வருஷத்தில் வீட்டுத் திருட்டு ஏறக்குறைய 75 சதவீதம் குறைந்தது.

ஆகவே முதலில் உடைபட்ட இரண்டு வீடுகள். அவர்கள் வெளியே போனால் எதிர்வீட்டில் சொல்லிவிட்டுப் போகட்டும். பின்சந்துக்குக் கதவு போட முடியுமா என்று பாருங்கள்.

சுருக்கம்:
இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை. போலீசுக்குப் போன் பண்ணினாலே வருவதில்லை.

பழையரோந்து:
வருவதில்லைதான். அதனால் நாங்கள் திருடனைப் பற்றிப் புகார் சொல்வதை விட்டு, விளக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தோம். "தெருவில் லைட் எரியவில்லை" என்றால் நகரசபையில் யாரும் அசையமாட்டார்கள். கம்பத்தின் எண், எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை, இரண்டையும் எழுதி, பத்துக் கையெழுத்தோடு கொடுத்தோம். மூன்றில் இரண்டு எரிந்தது. மூன்றாவதற்கு இன்னும் நடக்கிறோம்.

காலிமனை இருந்தால் அதையும் விடாதீர்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 541 காலிமனைகளை எடுத்து, சிலவற்றில் குப்பை அள்ளிப் புல் வளர்த்துச் சின்ன வேலி போட்டார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். 2018-இல் முடிவு வந்தது. ஏழ்மை மிகுந்த பகுதிகளில், சுத்தம் செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. ஒருவரையும் பிடிக்கவில்லை, அடிக்கவில்லை.

இரவுஷிப்ட்:
நானும் நடுராத்திரியில் வீடு திரும்புகிறவள்தான். குழுவில் படம் போடுவதை முதலில் நிறுத்துங்கள். யார் யாருக்கு ராத்திரி வேலை என்று ஒரு பட்டியல் எடுங்கள், ஆனால் அதைக் குழுவில் போட்டுவிடாதீர்கள். எந்த வீடு காலி என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

மூன்றாம்மாடி:
எல்லோருக்கும் நன்றி. இளைஞர்களிடம் பேசினேன். தடி வேண்டாம் என்றதும் இருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள், மற்றவர்கள் கம்பத்து எண் எடுக்க வருகிறார்கள். இன்னொன்று. அந்தப் பின்சந்துச் சுவர் என் சமையலறை ஜன்னலிலிருந்து நேராகத் தெரிகிறது. இத்தனை நாளும் அந்த ஜன்னலில் பழைய காலண்டர் அட்டையை ஒட்டி மறைத்து வைத்திருந்தேன். இன்று காலை கிழித்துவிட்டேன்.