"கர்த்தரே மன்னித்துவிட்டார், நீங்களும் மறந்துவிடுங்கள்" என்று சொன்னவர்களைச் சந்தித்த அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

எங்கள் சித்தி பலகாரம் சுட்டு விற்றுச் சேர்த்த பணத்தை, மகள் கல்யாணத்துக்காகத் தெருவில் ஒருவர் நடத்திய சீட்டில் கட்டிவந்தார். சீட்டு முடியப்போகிற நேரத்தில் அந்த ஆள் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். சில வருஷம் கழித்து அவரை நாங்கள் மறுபடியும் பார்த்தது ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில். எழுந்து நின்று சாட்சி சொன்னார். குடியிலிருந்து விடுபட்டதையும், ஆண்டவர் தன்னைத் தேடி வந்ததையும் அழுதுகொண்டே சொன்னார். அந்த அழுகை பொய் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் சித்தி அவரிடம் போய், "தம்பி, என் சீட்டுப் பணம்?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"அக்கா, அந்தப் பழைய மனுஷன் செத்துப்போனான். கர்த்தரே எல்லாத்தையும் மன்னிச்சிட்டாரு. நீங்களும் மறந்திருங்க. மன்னிக்காட்டி உங்க ஜெபந்தான் தடைபடும்."

பக்கத்தில் நின்ற பாஸ்டரும் தலையாட்டினார். சித்தி ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. அந்தச் சீட்டுக்காரர் வீட்டுக்கே போய் வேதத்தில் லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். நம்பி ஒப்படைத்த பொருளில் வஞ்சனை செய்தவன், முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உடையவனுக்குக் கொடுக்க வேண்டும். பலி செலுத்துவதும் மன்னிப்பும் அதோடு சேர்ந்துதான் வருகிறது. "அது பழைய ஏற்பாடு. நாம மோசேயோட நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவங்க இல்ல, கிருபைக்குக் கீழ்ப்பட்டவங்க" என்றார்.

சரி, வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு? "என் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன்" என்று அவன் சொன்னது லூக்கா 19இல் இருக்கிறதே என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தார்: "இயேசு அவன்கிட்ட கேக்கவே இல்லியே. அவனாத்தான கொடுத்தான்?"

வாஸ்தவம். இயேசு கேட்கவில்லை. அவன் வீட்டில் தங்க வேண்டும் என்று மட்டும்தான் சொன்னார். யாரும் கேட்காமலே சகேயுவின் கை பணப்பைக்குப் போனது. கிருபை தொட்ட மனுஷனுக்கு அடையாளம் அதுதானே, அண்ணே, என்று கேட்டேன். ரோமர் 3:28ஐ மனப்பாடமாகச் சொன்னார்: "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான்." அந்த வசனத்தை நானும் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் அதை எழுதிய பவுல் அதே நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில், அன்புகூருகிற கடனைத் தவிர ஒருவனுக்கும் ஒன்றிலும் கடன்படாதிருங்கள் என்கிறார். பிலேமோனுக்கு எழுதும்போது, ஒநேசிமு என்ற அவருடைய அடிமையைக் குறித்து, அவன் உமக்கு அநியாயம் செய்திருந்தாலும் கடன்பட்டிருந்தாலும் அதை என் கணக்கில் வையும், நான் செலுத்துவேன் என்று தன் சொந்தக் கையால் எழுதிக் கொடுக்கிறார். ஒநேசிமு மனந்திரும்பிவிட்டான், ஆகவே மறந்துவிடும் என்று பவுல் எழுதவில்லை.

இப்படிப்பட்ட ஆட்களைச் சந்தித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றும் தெரிய வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து:

நாங்கள் கத்தோலிக்கர். அப்பா மளிகைக் கடை வைத்திருந்த பெரியப்பாவிடம் வேலை பார்த்தவர். அங்கே எடை குறைத்துப் போட்டது அவர் மனதை வெகுகாலம் அரித்திருக்கிறது. ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தார், அதாவது சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிட்டார். என்ன சொன்னார் என்பதை அவரே பின்னாளில் எங்களிடம் சொன்னதால் எழுதுகிறேன். சாமியார் பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டு, "யார் யாருக்குக் குறைத்தீர்களோ அவர்களில் தெரிந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்; தெரியாதவர்கள் பங்கை ஏழைகளுக்குக் கொடுங்கள்" என்றாராம். அப்பா பல மாதம் அரிசியும் பருப்பும் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனார்.

இதை என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெந்தெகொஸ்தே நண்பரிடம் சொன்னபோது, "அரிசி கொடுத்து மன்னிப்பு வாங்குறீங்க, லூத்தர் எதிர்த்தது இதைத்தான்" என்றார். மன்னிப்பு முதலில் வந்தது, அரிசி பிறகுதான் போனது என்றேன். திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459ஆம் எண்ணில் இதையே சொல்கிறது: மன்னிப்பு பாவத்தைப் போக்கும், பாவம் செய்த சேதத்தை எல்லாம் அது சரிசெய்துவிடாது, திருடினதைத் திருப்பிக் கொடுப்பது போல முடிந்ததைச் செய்ய வேண்டும். புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் 1517இல் எழுதிய 95 கருத்துரைகளில் 43ஆவதில், ஏழைக்குக் கொடுப்பவனும் தேவைப்படுகிறவனுக்குக் கடன் தருபவனும் பாவப்பலன் சீட்டு (பாவத்தின் தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லி அன்று பணத்துக்குக் கொடுத்த சீட்டு) வாங்குகிறவனைவிட நல்லதைச் செய்கிறான் என்கிறார். நண்பர் அதை அதுவரை படித்ததில்லை. 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பூர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள் என்பதையும் சொன்னேன். நம் நற்செயலைப் பார்த்தல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்பதை இரண்டு பக்கமும் சேர்ந்து அறிக்கையிட்டது அதில் இருக்கிறது. அப்பாவும் அரிசி மூட்டையைக் காட்டிச் சொர்க்கம் கேட்கவில்லை.

நாசரேத் பக்கத்திலிருந்து:

எங்கள் பக்கத்தில் நியாயப்பிரமாணம் பற்றிய சண்டை பழையது. 1857இல் சட்டம்பிள்ளை என்ற உபதேசியார் மிஷனெரிகளோடு முரண்பட்டு, பிரகாசபுரத்தில் ஏக இரட்சகர் சபையைத் தொடங்கினார். சனிக்கிழமை ஓய்வுநாள் உட்பட மோசேயின் நியமங்கள் பலவற்றை அங்கே கைக்கொண்டார்கள். பிறகு, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் ஏழாம்நாள் சபையாரும் இந்தப் பக்கம் வந்தார்கள். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). ஓய்வுநாள் ஆசரிக்கிற ஒரு தாத்தாவோடு சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று பல தடவை மல்லுக்கு நின்றிருக்கிறேன். ஓய்வுநாள்களைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்று கொலோசெயர் 2:16ஐ நான் எடுத்தால், நியாயப்பிரமாணத்தை அழிக்க வரவில்லை என்ற மத்தேயு 5:17ஐ அவர் எடுப்பார். கடைசிவரை அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்முன் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கூலி முழுவதையும் கொடுத்து முடித்துவிடுவார் அந்தத் தாத்தா. "கூலிக்காரன் காசு விடியுமட்டும் ஒங்கிட்ட இருக்கப்பிடாதுன்னு எழுதியிருக்குல்லா?" என்பார். லேவியராகமம் 19:13. பிடித்துவைத்த கூலி தேவனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று புதிய ஏற்பாட்டில் யாக்கோபும் எழுதுகிறார். சீட்டுப் பணக்காரரிடம் இதையும் வாசித்துக் காட்டுங்கள். நியாயப்பிரமாணத்தில் பாதி, பலமில்லாத அடுத்தவனைக் காப்பாற்ற எழுதினது. அதை ஒழிந்துபோனது என்று சொன்னால் நஷ்டப்படுவது யார் என்று பாருங்கள்.

வேலூரிலிருந்து:

மேலே எழுதியவர்களோடு ஒத்துப்போகிறேன். ஆனாலும் வேறொரு பக்கமும் உண்டு, அதையும் கேளுங்கள்.

நான் புற்றுநோய் வார்டில் நர்ஸ். ஒரு பாட்டி இருந்தார். சாகிறதற்கு அவருக்குப் பயமில்லை, நியாயத்தீர்ப்புக்குத்தான் பயம். இளவயதில் விதவையான நாத்தனாருக்குச் சேரவேண்டிய வீட்டுப் பங்கைக் கொடுக்கவிடாமல் தடுத்திருக்கிறார். நாத்தனார் பிள்ளையில்லாமல் இறந்துபோனார். பாட்டி தினமும் என்னிடம் கேட்பார்: "திருப்பிக் கொடுக்க ஆளே இல்லியேம்மா, எனக்கு மன்னிப்பு உண்டா?" அவரைப் பார்க்க வந்த ஓர் ஊழியக்காரர் கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு 2ஐ நீளமாகப் பிரசங்கித்துவிட்டுப் போனார். அன்று இரவு பாட்டி தூங்கவில்லை. எனக்கு வந்த கோபத்தை இன்னும் மறக்கவில்லை. வசனம் மெய்தான். ஆனால் ஏமாற்றிவிட்டு நிம்மதியாய் இருக்கிறவனுக்குச் சொல்லவேண்டியதை, நொறுங்கிக் கிடக்கிறவளிடம் சொல்லலாமா?

மறுநாள் என் டூட்டி முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றி வாசித்தேன். அவன் கைகளில் ஆணி. திருடினதில் ஒரு காசுகூட அவனால் திருப்பிக் கொடுக்க முடியாது, ஞானஸ்நானம் எடுக்க முடியாது, ஒரு ஓய்வுநாளைக்கூட இனி ஆசரிக்க முடியாது. "நினைத்தருளும்" என்று மட்டும் கேட்டான். இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்றார் இயேசு. பாட்டி அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

நியாயப்பிரமாணத்திலேயே இதற்கும் இடம் இருக்கிறது. எண்ணாகமம் 5:8ஐப் பாருங்கள்: திருப்பி வாங்கிக்கொள்ள உறவினன் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். அதைச் சொன்னபோது பாட்டி தன் மகனைக் கூப்பிட்டு, தெருவில் இருந்த ஒரு விதவைப் பெண்ணின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவைக் கொடுக்கச் சொன்னார். நான் அப்படிச் செய்யும்படி சொல்லவே இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

வேலூர் அக்கா எழுதினதைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். "கொடுக்க முடியாதவன் வேற, கொடுக்க மனசில்லாதவன் வேற" என்றார். அந்த ஆளை அவர் மன்னித்துவிட்டார் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. தினமும் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார். ஆனால் கணக்கு இருக்கிறது என்கிறார். மன்னித்ததால் கடன் இல்லை என்று ஆகிவிடாதாம். மொத்தமாக வேண்டாம், மாதாமாதம் முடிந்ததைக் கொடுக்கட்டும், சாட்சி சொன்ன அதே கூட்டத்தில் சீட்டில் ஏமாந்தவர்களின் பெயரையும் சொல்லட்டும் என்று கேட்கிறார்.

இதை அந்தப் பாஸ்டரிடம் கடிதமாகவே எழுதிக் கொடுக்கப்போகிறோம். ஏமாந்த மற்றவர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஞானஸ்நானத்துக்கு முன்னால் "யாருக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டியது இருக்கிறதா?" என்று ஆயத்த வகுப்பில் கேட்கிற சபை உங்கள் ஊரில் இருந்தால், எப்படிக் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். கடிதத்தில் அதையும் சேர்க்க நினைக்கிறோம்.