வாய்க்கால் பட்டியல் திறக்க 40 விநாடி – ஆப்ஜெக்ட் டேட்டாபேஸுக்கு மாறலாமா? அவசரம்

கோரையாற்றங்கரை:
எங்கள் ஊர் விவசாயிகளுக்காகச் செயலி எழுதுகிறேன். ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால், மடை, வயல், ஒவ்வொன்றும் ஒரு கிளாஸ். பட்டியல் திறக்க 40 விநாடி. டேபிளில் போட்டதே தப்பு, கிளாஸை அப்படியே சேமிக்கும் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ்தான் சரி என்கிறார் நண்பர். முறைப்பாசனம் தொடங்குவதற்குள் கொடுத்தாக வேண்டும்.

வலங்கைமான் நிரலர்:
எந்த டேட்டாபேஸ், எந்த ஓஆர்எம் (கிளாஸை டேபிளோடு இணைக்கும் கருவி), எத்தனை வயல்? ஒன்றுமே சொல்லவில்லையே.

பழைய கை:
தேடிப் பார்க்கும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் என்றால் என்ன என்று 1989இலேயே அறிக்கை எழுதிவிட்டார்கள், முதலில் அதைப் படியுங்கள். கிளை கிளையாகப் பிரியும் மரத்தை டேபிளாக நறுக்கிவிட்டு மறுபடி ஒட்டுவதற்கு ஓஆர்எம் வேறு. ஸோடிபி என்ற ஆப்ஜெக்ட் டேட்டாபேஸைப் போடுங்கள், டேபிள்களைச் சேர்க்கும் ஜாயினே வேண்டாம்.

தலைஞாயிறு:
தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இருக்கிறதா பாருங்கள். எனக்கு எப்போதும் அதுதான்.

கோரையாற்றங்கரை:
மன்னிக்கவும். ஓஆர்எம் ஜாங்கோவுடையது, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். வாய்க்கால், மடை எல்லாம் சேர்ந்து 600 இருக்கும், வயல் 9,000. இண்டெக்ஸ் இருக்கிறது.

வலங்கைமான் நிரலர்:
அப்படியென்றால் லூப்புக்குள் ஒவ்வொரு மடைக்கும் தனி குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) போகிறது, குவெரிகள் பதிவாகும் லாகைத் திறந்தால் தெரியும். வயல்களுக்கு, மொத்தமாக எடுத்துவரும் ப்ரீபெட்ச் ரிலேட்டட் போடுங்கள். எத்தனை அடுக்கு கிளை என்று முன்கூட்டியே தெரியாத இடத்தில் அது போதாது, அடுக்கடுக்காகத் தானே இறங்கும் வித் ரிகர்சிவ் எழுதுங்கள், ஒரே குவெரியில் முடியும். ஆற்றிலிருந்து வயலுக்கு இறங்க மட்டும்தான் என்றால் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் வேகம்தான், மறுக்கவில்லை. நாளைக்கு ஒருவர் வந்து "தாளடி வைத்த, 5 மாவுக்கு மேற்பட்ட வயல் எவை" என்பார். அந்தக் கேள்வி எந்த வாய்க்கால் வழியாகவும் வராது. அங்கேதான் டேபிள் கைகொடுக்கும்.

பழைய கை:
அதற்கும் குவெரி மொழி இருந்தது. ஆப்ஜெக்ட் டேட்டாபேஸுக்குத் தரம் வகுத்த ஓடிஎம்ஜி குழு 1993இலேயே ஓக்யூஎல் என்ற மொழியைத் தந்தது.

வலங்கைமான் நிரலர்:
அந்தக் குழுவே 2001இல் கலைந்துவிட்டது.

குடவாசல் மடை:
இரண்டு பேருமே மரம் என்கிறீர்கள், நம் பக்கத்தில் அது எங்கே மரம்? நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிற வரைக்கும் மரம் மாதிரிதான் தெரியும். கீழே வாருங்கள். மேல் வயலின் வடிகால்தான் கீழ் வயலுக்குப் பாசன வாய்க்கால். என் வயலுக்கே இரண்டு பக்கமும் தண்ணீர் வருகிறது. ஒரே ஒரு "தாய் வாய்க்கால்" கட்டம் வைத்தால் கடைமடைக்காரர் கணக்கில் விழமாட்டார், முறை வைக்கும்போது அவர்தான் காய்வார்.

பழைய கை:
வடிகாலைப் பாசனத்தோடு கலப்பதே தவறான வடிவமைப்பு.

குடவாசல் மடை:
தண்ணீர் அப்படித்தான் ஓடுகிறது ஐயா.

வலங்கைமான் நிரலர்:
சரியான பேச்சு. இணைப்புக்குத் தனி டேபிள் வையுங்கள்: எங்கிருந்து, எங்கே. ரிகர்சிவில் யூனியன் ஆல் வேண்டாம், ஒருமுறை வந்த வரியை மறுபடி எடுக்காத வெறும் யூனியன்; அடுக்கு எண்ணையும் சேர்க்காதீர்கள், சேர்த்தால் ஒவ்வொரு வரியும் புதிதாகத் தெரியும், சுற்று இருந்தால் குவெரி முடியவே முடியாது.

கோரையாற்றங்கரை:
லாகில் 640 குவெரி. இப்போது 3, ஒரு விநாடிக்குள் திறக்கிறது. இணைப்பு டேபிள் போட்டதில் 11 கடைமடை வயல் புதிதாக வந்தது. நன்றி, கரைக்குக் கிளம்புகிறேன்.