டிகே: சிதைவா, உதிர்வா?

முதல் மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

சோதனை முயற்சியான மின்னணு இசை பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக ஒரே ஆங்கிலச் சொல்லில் நிற்கிறேன்: ‘டிகே’ (decay). நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குச் ‘சிதைவு’ என்று போட்டிருக்கிறோம். கதிரியக்கச் சிதைவு என்று பள்ளிப் பாடத்திலேயே பழகிய சொல்தான். இசைக்கு வந்தால் அது மூன்று தனித்தனிச் செய்திகளைப் போட்டுக் குழப்புகிறது.

சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் கட்டையை அழுத்தியதும் ஒலி உச்சிக்கு ஏறி, சற்று இறங்கி, ஒரு மட்டத்தில் நிற்கிறதே, அந்த இறக்கம் ஒரு டிகே. அதற்குத் ‘தணிவு’ போதும். பெரிய மண்டபத்தில் கைதட்டினால் முழக்கம் மெல்ல ஓய்கிறதே, அது இன்னொன்று. 60 டெசிபெல் குறைய எவ்வளவு நேரம் என்று அளப்பார்கள். மணியோசை அடங்கியது என்றுதானே சொல்கிறோம்? ஆகவே ‘அடங்கல்’. இந்த இரண்டிலும் பெரிய தகராறு வராது என்று நினைக்கிறேன்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வில்லியம் பாசின்ஸ்கி என்ற அமெரிக்க இசைஞர் 1980களின் தொடக்கத்தில் சில நொடி நீளமுள்ள மெட்டுத் துண்டுகளைக் காந்த நாடாவில் பதிந்து, நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி வைத்திருந்தார். 2001இல் நியூயார்க்கின் புரூக்ளினில், அவற்றைக் கணினிக்கு மாற்ற எடுத்து ஓடவிட்டார். ஏறக்குறைய 20 ஆண்டுப் பழைய நாடா. ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேல் பூச்சு பொடிப்பொடியாகக் கழன்று விழுந்தது. அவர் நிறுத்தவில்லை, மெட்டு அழிவதையே பதிவு செய்தார். ‘தி டிஸின்டெக்ரேஷன் லூப்ஸ்’ என்ற பெயரில் அது வெளிவந்தது. முதல் துண்டு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

இதில் பயமுறுத்தும் ஒலி எதுவும் கிடையாது. பேய்ப் படத்தில் வருவது போன்ற கீச்சலோ உறுமலோ இல்லை. இனிமையான, கொஞ்சம் சோம்பலான மெட்டு. பத்து நிமிடம் வரை எதுவும் மாறியதாகவே தோன்றாது. அப்புறம் ஒரு சுரத்தின் ஓரம் சற்றுக் கரகரக்கிறது. அடுத்த சுற்றிலும் அதே இடம். பிறகு அங்கே ஒரு சிறு பள்ளம், பள்ளத்தில் மௌனம், அந்த மௌனம் சுற்றுக்குச் சுற்று அகலமாகிறது. காதுக்கு மெட்டு மனப்பாடமாகிவிட்டதால், இல்லாத சுரத்தையும் அது தானே நிரப்பிக்கொள்கிறது. கடைசியில் எது நாடாவிலிருந்து வருகிறது, எது என் நினைவிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. இரவில் தனியாக இருந்து கேட்டேன். எழுந்து போய் விளக்கைப் போட்டேன்.

இதைச் ‘சிதைவு’ என்று எழுத மனம் ஒப்பவில்லை. சிதைவு என்றால் ஏதோ தாக்கி உருக்குலைந்தது போல இருக்கிறது. இங்கே யாரும் தாக்கவில்லை. இரும்பு ஆக்சைடு பொடியை நாடாவோடு பிடித்துவைத்திருந்த பசை, காலத்தில் வலுவிழந்துவிட்டது, அவ்வளவுதான். சுண்ணாம்புச் சுவரும் இலையும் முடியும் எப்படிப் போகின்றனவோ அப்படி. ஆகவே ‘உதிர்வு’ என்று முன்மொழிகிறேன்.

இன்னொரு வசதியும் உண்டு. ‘தி கேர்டேக்கர்’ என்ற பெயரில் இசையமைத்த லேலண்ட் கர்பி, 2016 முதல் 2019 வரை ஆறு பகுதிகளாக, மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரு படைப்பைச் செய்தார். பழைய நடன அரங்கு இசைத்தட்டுகளை எடுத்து, மறதி நோய் முற்றுவதைப் போலக் கட்டம் கட்டமாகக் குலைத்துக்கொண்டே போகிறார். அங்கே அழிவு தானாக நேரவில்லை; அவர் செய்கிறார். உதிர்ந்தது, உதிர்த்தது என்று ஒரே வேரில் நம் இலக்கணம் தன்வினையையும் பிறவினையையும் பிரித்துத் தருகிறது. பாசின்ஸ்கியுடையது உதிர்வு, கர்பியுடையது உதிர்ப்பு. சரிதானா?

மறுமடல்

வணக்கம் தம்பி.

உதிர்வு சரி. உதிர்ப்பில் எனக்குச் சம்மதமில்லை. ‘தலைவர் இரண்டு வார்த்தை உதிர்த்தார்’ என்கிறோம், ‘முத்துதிர்த்தாற்போல்’ என்கிறோம். கச்சேரி விமரிசனத்தில் ‘சுரங்களை உதிர்த்தார்’ என்று படித்தால் அது பாராட்டு. இசையைப் பற்றிய எழுத்தில் இது நேர் எதிரான பொருளைக் கொண்டுவந்துவிடும்.

நான் இருபது வருடம் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவன். தினமும் கடை திறந்ததும் முதல் வேலை, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, நாடா உரசி ஓடும் ‘ஹெட்’ என்ற முனையைத் துடைப்பது. பஞ்சு செம்பழுப்பாகிவிடும். அது அழுக்கு என்றுதான் பையன்கள் நினைப்பார்கள், அது பாட்டு. ஆகவே நாடா உதிர்கிறது என்பது எனக்குக் கையால் தெரியும். இசைத்தட்டு அப்படியில்லை. ஊசி பள்ளத்தில் ஓடி ஓடித் தட்டு தேயும். ‘தேஞ்ச ரெக்கார்டு’ என்றுதான் எல்லாரும் சொல்வோம். நீங்கள் சொல்லும் அந்த ஆறு பகுதிக்காரர் இசைத்தட்டிலிருந்து எடுத்தார் என்றால், அங்கே ‘தேய்வு’ என்பதே பொருத்தம். நிலவுக்குச் சொல்வதுபோல் நினைவுக்கும் சொல்லலாம்.

முதல் மடல் எழுதியவரின் பதில்

வணக்கம் ஐயா.

ஹெட் துடைத்த பஞ்சைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். உதிர்ப்பைக் கைவிடுகிறேன். நாடாவுக்கு ‘உதிர்வு’, தட்டுக்குத் ‘தேய்வு’. ஒருவர் வேண்டுமென்றே செய்யும்போது ‘சிதைப்பு’. சிதைவு என்ற சொல்லுக்கு அங்கே ஒரு நியாயமான இடம் கிடைத்துவிடுகிறது.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆல்வின் லூசியர் 1969இல் தன் பேச்சைப் பதிந்து, அதை அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிந்து, அந்தப் பதிவையும் ஒலிக்கவிட்டு என்று திரும்பத் திரும்பச் செய்தார். அந்த அறைக்கு இயல்பாக ஒத்ததிரும் சுரங்கள் ஒவ்வொரு முறையும் வலுத்து, கடைசியில் பேச்சு மறைந்து ரீங்காரம் மட்டும் மிஞ்சும். இதையும் சிலர் டிகே என்ற கூடையில் போடுகிறார்கள். இங்கே எதுவும் உதிரவில்லை, தேயவில்லை. அறையின் குரல் ஏறி, மனிதக் குரல் அதில் மூழ்குகிறது. இதற்குக் ‘கரைவு’ என்று குறித்து வைத்திருக்கிறேன்.

அடுத்து சிடி. 1990களில் ஜெர்மனியின் ‘ஓவல்’ குழு, சிடியின் பரப்பில் வேண்டுமென்றே கோளாறு செய்து, அது தடுக்கித் தடுக்கி ஓடுவதையே இசையாக்கியது. சிடி உதிர்வதுமில்லை, நாடாவைப் போல மெல்ல மங்குவதுமில்லை. சரியாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று எகிறுகிறது. ‘எகிறல்’ என்று எழுதலாமா, இல்லை ‘தாவல்’ என்று எழுதலாமா? கடையில் நீங்கள் என்ன சொன்னீர்கள் ஐயா?