26 எப்படி 11 ஆனது? எண் அடிமானத்தோடு உங்கள் அனுபவம்

ஆயர் ஈத்தாம், டியூசன் ஆசிரியை:
படிவம் 4 கணிதத்தில் இரண்டாவது பாடம் 'ஆசாஸ் நொம்போர்', எண் அடிமானம். எத்தனை எத்தனையாகச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதுதான் அடிமானம்; நாம் வழக்கமாக எண்ணுவது பத்துப் பத்தாக. போன வாரம் ஒரு மாணவி 26ஐ, 0, 1 மட்டும் வைத்து எழுதும் அடிமானம் இரண்டுக்கு மாற்றினாள். இரண்டால் வகுத்துக்கொண்டே போய் 0, 1, 0, 1, 1 என்று மீதிகளைச் சரியாகத்தான் எடுத்திருந்தாள். ஆனால் மேலிருந்து கீழாக 01011 என்று எழுதிவிட்டாள். அது வழக்கமான கணக்கில் 11. கீழிருந்து எழுதினால் 11010, அதுதான் 26.

"ஏன் டீச்சர் கீழிருந்து?"

இடமதிப்பைச் சொன்னேன். தலையாட்டினாள், முகம் தெளியவில்லை. அப்போதுதான் பாட்டி ஞாபகம் வந்தது. பாட்டி அரிசியைச் சுப்பாக்கில் அளப்பார். நாலு சுப்பாக் ஒரு காந்தாங். "26 சுப்பாக் அரிசி இருக்கு. எத்தனை காந்தாங்?" என்றேன். "ஆறு. ரெண்டு சுப்பாக் மிஞ்சும்." அந்த இரண்டு இன்னும் சில்லறைதானே, எந்த ஓரத்தில் நிற்கும்? வலது ஓரம் என்றாள். முதலில் மிஞ்சியது சின்ன இடத்துக்குப் போகிறது. நான் சொல்வதற்குள் அவளே அழிப்பானை எடுத்துவிட்டாள். அந்த நிமிஷத்துக்காகத்தான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

பாயான் லெப்பாஸ், தொழிற்சாலை டெக்னீசியன்:
டீச்சர், பள்ளியில் 2 முதல் 9 வரைதான் படித்தோம். வேலையில் பதினாறு அடிமானம், 9க்கு மேல் ஏ (10) முதல் எஃப் (15) வரை ஆங்கில எழுத்துகள். ஒருநாள் கருவி தந்த பட்டியலில் '3இ8' என்று ஓர் எண். 3×256 + 14×16 + 8 = 1000. ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒட்டியதும் 30 கோடி ஆகிவிட்டது! நடுவில் இருந்த 'இ'யைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு, 3க்குப் பின்னால் எட்டுச் சுழி போட்டிருக்கிறது. அரை நாள் கருவியைத்தான் சந்தேகப்பட்டோம். இப்போதெல்லாம் அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

ஜார்ஜ்டவுன், பணி ஓய்வு:
தம்பி, பதினாறு நம் ஊருக்குப் பழசு. பழைய எடைக் கணக்கில் 16 தஹில் ஒரு காத்தி. 9 தஹிலும் 8 தஹிலும் சேர்ந்தால் 1 காத்தி 1 தஹில், உங்கள் கணக்கில் 11. சின்ன வயதில் சீன மருந்துக்கடையில் நின்று மணிச்சட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு கம்பியில் மேலே 2 மணி, கீழே 5. மேல் மணி ஒவ்வொன்றும் ஐந்து. ஆக ஒரே கம்பியில் 15 வரை வைக்கலாம். பத்துக் கணக்குக்கு 9 போதுமே, மிச்ச மணி எதற்கு என்று கேட்டேன். கடை முதலாளி தவுக்கே பதில் பேசாமல் தராசுக் கோலைக் காட்டினார்.

ஆயர் ஈத்தாம், டியூசன் ஆசிரியை:
ஐயா, அந்த 2க்கு 5 மணிச்சட்டம் இப்போது எந்தக் கடையில் கிடைக்கும்? சனிக்கிழமை வகுப்புக்கு வேண்டும்.