புதுப்பிப்பு: ஆர்டிஐ போட்டவருக்கு 'மிரட்டிப் பணம் பறிப்பவர்' பட்டம்

ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) ஊராட்சிக் கணக்கு கேட்டவர்மீது பொய்ப் புகார் கிளம்பினால் என்ன செய்வது என்று முன்பு எழுதியதன் தொடர்ச்சி. ஒரு திருத்தமும் உண்டு.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் உடனே ஓட வேண்டாம் என்றிருந்தேன். அதற்காக எடுக்காமலும் இருக்காதீர்கள், 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுத அதுவே போதும். சிஎஸ்ஆரா (புகார் மனு ரசீது), எஃப்ஐஆரா (முதல் தகவல் அறிக்கை), எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்ஐஆர் என்றால் பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3) நோட்டீஸ், அதாவது கைது செய்யாமல் விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸ், கையில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் முறையாக வந்தபின் போகாமல் இருந்தால் கைதுக்கு நீங்களே வழிவிட்டதாகும்.

அடுத்தது, உங்கள்மீதான புகார் மனுவின் நகல். அதையும் ஆர்டிஐயில் கேட்கலாம்: 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. பெரும்பாலும் விசாரணைக்குத் தடையாகும் தகவலை மறுக்க இடம் தரும் ஆர்டிஐ பிரிவு 8(1)(h)ஐக் காட்டி, 'விசாரணையில் உள்ளது' என்று மறுப்பார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது, தகவல் தந்தால் அது எப்படித் தடைப்படும் என்று காட்ட வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னது. முதல் மேல்முறையீட்டில் இதைத்தான் எழுத வேண்டும். புகார்தாரர் பெயரை மறைத்துத் தரச் சொல்லி, மறுக்க வேண்டியதை நீக்கி மீதியைத் தர வழிசெய்யும் பிரிவு 10ஐச் சேர்த்தால் தட்டிக்கழிப்பது கடினம்.

பலர் சறுக்கும் இடம் வேறு. 'எதற்குக் கேட்கிறீர்கள்?' என்று அலுவலர் தனியே பேசக் கூப்பிடுவார். ஆர்டிஐ சட்டத்தின் பிரிவு 6(2)படி காரணம் சொல்லத் தேவையில்லை. டீக்கடைச் சந்திப்பு ஒன்று போதும், 'பேரம் பேசினார்' என்ற கதைக்கு.