சீமோர் அவென்யூ: பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாதா என்ன?

தவளைக்கல் · காலை 7:10

நேத்து இன்னொரு இழையில உப்புமூட்டை எழுதினதைப் படிச்சதுல இருந்து காதுக்குள்ள கொசு புகுந்த மாதிரி இருக்கு. அமெரிக்காவுல நடந்த கிளீவ்லாந்து விவகாரம். ஏரியல் காஸ்ட்ரோங்கறவன் மூணு பொண்ணுங்களைக் கடத்தித் தன் வீட்டுல வருஷக்கணக்கா அடைச்சு வெச்சிருந்தானே, அதுதான். 2013 மே 6 அன்னைக்கு சீமோர் அவென்யூ வீட்டுல இருந்து மிஷெல் நைட், அமண்டா பெரி, ஜீனா டிஹேசுஸ் மூணு பேரும் உயிரோட வந்தாங்க. அமண்டாவுக்கு அங்கேயே பிறந்த ஆறு வயசுக் குழந்தையும் கூட. ஊரே தெருவுல இறங்கி அழுதுச்சு, சிரிச்சுச்சு. அதைப் பத்தி அண்ணன் எழுதினது இது: "பத்து வருஷம் பக்கத்து வீட்டுல இருந்தான், அவனோட உட்கார்ந்து கறி சுட்டுத் தின்னான், கடைசி நாள் கதவை உதைச்சு ஹீரோ ஆயிட்டான். அந்தத் தெருவே கூட்டாளி."

கூட்டாளியாம்! ஏரியல் காஸ்ட்ரோ அந்த ஊர்ல பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன். இசைக்குழுவுல பேஸ் கிட்டார் வாசிச்சவன். காணாமப் போன பொண்ணுக்காக மெழுகுவத்தி ஏத்தின கூட்டத்துலயே போய் நின்னவன்னு செய்தி வந்துச்சு. ஜீனா அவன் மகளுக்கே சிநேகிதி. பெத்த பிள்ளைங்களுக்கே பிடிபடாதது, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? நடந்து முடிஞ்ச பிறகு எல்லாரும் ஜோசியர்தான்.

உப்புமூட்டை · காலை 7:48

என் பேரை இழுத்துத் தனி இழையே போட்டாச்சு. ரொம்ப சந்தோஷம்.

தவளைக்கல் சார், அவன் 1992-ல வாங்கின வீடு அது. ஜன்னல்ல பலகை, உள்ள யாரையும் சேர்க்க மாட்டான். அதெல்லாம் விடுங்க. வெளிய வந்த மறுநாளே அக்கம்பக்கத்துக்காரங்க மைக் முன்னாடி என்ன சொன்னாங்க? பின்பக்கம் துணியில்லாம ஒரு பொண்ணைப் பார்த்தோம், போலீஸுக்குச் சொன்னோம்னு. அப்ப தெரிஞ்சிருக்கு. இல்லைன்னா மறுநாள் டிவிக்காகப் பொய் சொல்லியிருக்காங்க. ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்கோங்க. நான் எழுதினதுல ஒரு எழுத்தையும் மாத்த மாட்டேன்.

ஆடிக்காற்று · காலை 8:02

ஒரு வருஷம்.

அன்னைக்குக் கதவை உதைச்சு உதவினதா டிவியில பேட்டி குடுத்து, காஸ்ட்ரோவோட கறி சுட்டதாச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் சார்லஸ் ராம்சே அந்தத் தெருவுக்கு வந்தே ஒரு வருஷம்தான். அதே பேட்டியில, கேமரா முன்னாடி, அவர் வாயாலேயே சொன்னது. "பத்து வருஷம்"னு நீங்க எழுதினது தப்பு. திருத்துங்க, மத்ததை அப்புறம் பேசலாம்.

உப்புமூட்டை · காலை 8:09

நான் தெருவைச் சொன்னேன். ராம்சேன்னு எங்க எழுதினேன்?

ஆடிக்காற்று · காலை 8:13

"கறி சுட்டுத் தின்னான்", "கதவை உதைச்சான்." ஒருமை. தெரு கறி சுடுமா? தெருவுக்குக் கால் இருக்கா கதவை உதைக்க? நீங்க எழுதினதையே நீங்க படிக்கறது இல்லை போல.

ஒரு வருஷம்.

பனங்காடை · காலை 8:40

நான் ஒண்ணு சொல்லட்டுமா? பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சு, அவங்க சொல்லியும், ஒண்ணும் நடக்காத கதையும் இருக்கு. ஜேசி டுகார்ட். 1991 ஜூன்ல 11 வயசுல கடத்தப்பட்டவங்க, 2009 ஆகஸ்ட்லதான் கிடைச்சாங்க. 2006 நவம்பர்ல பக்கத்து வீட்டுல இருந்து போன் போயிருக்கு: கொல்லையில கூடாரம் போட்டு ஆளுங்க இருக்காங்க, குழந்தைங்களும் இருக்குன்னு. வந்த அதிகாரி வாசல்ல நின்னு, கடத்தி வெச்சிருந்த கரிடோகிட்டப் பேசிட்டுத் திரும்பிட்டார். கொல்லையை எட்டிப் பார்க்கலை. அவன் ஏற்கெனவே பரோல்ல இருந்த ஆளு. கண்காணிக்க வேண்டியவங்களே அந்த வீட்டுக்குப் போய்ப் போய் வந்தாங்க. கலிஃபோர்னியா அரசு 2010-ல 2 கோடி டாலர் குடுத்துச்சு. கடைசியில மோப்பம் பிடிச்சது பெர்க்லி பல்கலைக்கழகக் காவல்ல இருந்த ரெண்டு பெண்கள்.

அதனால "தெரு கூட்டாளி"ன்னு ஒரே போடா போடறதுக்கு முன்னாடி...

உப்புமூட்டை · காலை 8:52

பனங்காடை, நீங்க சொல்றது என் பக்கம்தான்மா. ஜேசிக்குப் பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கண்ணு இருக்கறவனுக்குத் தெரியும்னுதானே நானும் சொல்றேன்.

பனங்காடை · காலை 8:55

இல்லையே! நான் நேர் எதிராச் சொன்னேன்.

ஆடிக்காற்று · காலை 9:04

ஜேசி பத்தி உப்புமூட்டை பேச வேண்டாம். போன வருஷம் இதே மன்றத்துல "ஜேசி எட்டு வருஷத்துல கிடைச்சுட்டா"ன்னு எழுதினவர் அவர். பதினெட்டு! பத்து வருஷத்தை முழுங்கினார். இங்க வந்து ராம்சேக்கு ஒம்பது வருஷம் சேர்த்துக் குடுக்கறார். கணக்கு சரியாப் போச்சு, ஒண்ணுதான் பாக்கி.

உப்புமூட்டை · காலை 9:06

அது தட்டச்சுப் பிழை. அன்னைக்கே சொன்னேன்.

ஆடிக்காற்று · காலை 9:07

எழுத்துல எழுதின "எட்டு" எப்படித் தட்டச்சுப் பிழை ஆகும்? விரல் வழுக்கி முழுச் சொல்லே விழுந்துடுச்சா?

ராவிளக்கு · காலை 9:31

எல்லாரும் ராம்சே பின்னாடியே ஓடறீங்க. மிஷெல் நைட்டைப் பத்தி யாராவது ஒரு வரி எழுதினீங்களா? 2002 ஆகஸ்ட், மூணு பேர்ல முதல்ல காணாமப் போனவங்க. அப்ப 21 வயசு. பெரிய பொண்ணு, கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயிட்டான்னு விட்டுட்டாங்க. பதினைஞ்சு மாசத்துல, வீட்டுக்காரங்களைத் தொடர்புகொள்ள முடியலைன்னு, எஃப்.பி.ஐ.யோட காணாமப் போனவங்க பட்டியல்ல இருந்து பேரையே எடுத்தாச்சு. ஜீனா, அமண்டான்னு 14, 16 வயசுப் பொண்ணுங்களுக்கு மெழுகுவத்தி ஏத்தின ஊரு இவங்களுக்கு ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கலை. மூணு பேரும் வந்தப்ப ஜீனா வீட்டு வாசல்ல பலூன், கூட்டம், கைத்தட்டல். மிஷெல் அம்மா வீட்டுக்கே போகலை.

ஊர் எப்படி நடந்துக்கிச்சுன்னு கேட்டா நான் இதைத்தான் பார்ப்பேன்.

செம்பருந்து · காலை 9:44

கதவை உடைச்சதே ராம்சே இல்லைங்க. ஏஞ்சல் கோர்டேரோன்னு எதிர்ப்பக்கத்துல இருந்து ஓடிவந்தவர். அவருக்கு இங்கிலீஷ் வராது, ஸ்பானிஷ்லதான் பேட்டி குடுத்தார், அதனால கேமரா அவர் பக்கம் திரும்பலை. ராம்சே வாய்ப்பேச்சுக்காரர், அவர் பேட்டியைப் பாட்டாக்கி இணையம் பூரா சுத்த விட்டாங்க.

ஆடிக்காற்று · காலை 9:50

யார் கதவை உதைச்சாலும் சரி, ராம்சே அங்க இருந்தது ஒரு வருஷம்.

தவளைக்கல் · காலை 10:05

செம்பருந்து, கோர்டேரோவும் இல்லை ராம்சேயும் இல்லை. கதவைப் பெருசாத் திறக்க முடியாமச் சங்கிலி மாட்டியிருந்த நிலையில, கையை வெளிய நீட்டிக் கத்தினது அமண்டா. உள்ள இருந்து உதைச்சதும் அமண்டா. எதிர்வீட்டுக்கு ஓடிப் போய் 911 அவசர எண்ணுக்குப் பேசினதும் அமண்டா. உண்மையான ஹீரோ அவங்கதான்னு கிளீவ்லாந்து போலீஸ் அதிகாரியே சொன்னார். பத்து வருஷம் பூட்டிக் கிடந்த பொண்ணு தானே வெளிய வந்திருக்கு, நீங்க எந்த ஆம்பளை கால் முதல்ல பட்டுச்சுன்னு அடிச்சுக்கறீங்க.

செம்பருந்து · காலை 10:08

அப்ப வெளிய இருந்து யாரும் உதைக்கவே இல்லைங்கறீங்களா? அடிப்பகுதி உடைஞ்சு கிடந்த படம் பார்த்தீங்களா இல்லையா?

தவளைக்கல் · காலை 10:11

நான் அப்படிச் சொல்லவே இல்லை.

உப்புமூட்டை · காலை 10:20

ஹீரோன்னு கொண்டாடின ராம்சே மேல பழைய குடும்ப வன்முறை வழக்கு இருந்ததையும் சொல்லுங்களேன். அதை மட்டும் ஏன் மறைக்கறீங்க?

ஆடிக்காற்று · காலை 10:41

வாங்க. இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

முதல்ல "பத்து வருஷம்". அது நிக்கலைன்னதும் "தெரு". அதுவும் நிக்கலை, இப்ப பழைய வழக்கு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடறதுல உங்களை மிஞ்ச ஆள் இல்லை. அந்த வழக்கைத் தோண்டி எடுத்துப் போட்ட டிவிக்காரங்களே அப்புறம் மன்னிப்புக் கேட்டாங்க. அதுவாவது தெரியுமா?

இன்னொண்ணும் கேளுங்க. போலீஸுக்கு போன் பண்ணினோம்னு சிலர் சொன்னாங்க, நீங்களும் காலையிலேயே அதைத் தூக்கிட்டு வந்தீங்க. போலீஸ் என்ன சொல்லுச்சு? அந்த முகவரிக்கு ரெண்டே தடவைதான் பதிவு. 2000-ல தெருச் சண்டைன்னு காஸ்ட்ரோவே கூப்பிட்டது ஒண்ணு. 2004 ஜனவரியில, பஸ்ஸுல ஒரு பையனை விட்டுட்டு இறங்கிப் போனான்னு விசாரிக்க வந்து, கதவைத் தட்டி, யாரும் திறக்கலைன்னு திரும்பினது இன்னொண்ணு. அன்னைக்கு உள்ள மிஷெலும் அமண்டாவும் இருந்தாங்க. ஜீனாவை அவன் தூக்கினது ஏப்ரல்ல. மூணு மாசம்கூட ஆகலை! கூட்டாளின்னு யாரையாவது சொல்லியே ஆகணும்னா அந்தக் கதவுல இருந்து ஆரம்பிங்க. ஆனா அது உங்களுக்கு ருசிக்காது. பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டுனாத்தான், "நானா இருந்தா முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பேன்"னு படுக்கும்போது நினைச்சுக்கலாம்.

அப்புறம், ஒரு வருஷம்.

உப்புமூட்டை · காலை 10:58

போலீஸ் சொன்னா வேதம், பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாப் பொய். தவளைக்கல் இழை போட்டது அக்கம்பக்கத்தைக் காப்பாத்த. நீங்க அவங்களைப் பொய்யர்ங்கறீங்க. முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிச்சுட்டு வாங்க.

தவளைக்கல் · காலை 11:03

ஆடிக்காற்று, நிஜமாவே அது எனக்கும் இடிக்குது. அவங்க பொய் சொன்னாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆடிக்காற்று · காலை 11:05

நானும் சொல்லலை. பதிவு இல்லைன்னேன். பொய்க்கும் பதிவில்லைக்கும் வித்தியாசம் தெரியாதவங்ககிட்ட எழுதி என் விரல்தான் தேயுது. நீங்க யார் பக்கம்னு முடிவு பண்ணிட்டு இழை போட்டிருக்கலாம்.

பனங்காடை · காலை 11:26

அண்ணனுங்களா, கிடைச்ச பிறகு என்ன ஆச்சுன்னு ஒரு நிமிஷம் பேசலாமா? நடாஷா கம்புஷ். 1998 மார்ச்ல வியன்னாவுல பத்து வயசுல கடத்தப்பட்ட பொண்ணு. 3096 நாள் கழிச்சு, 2006 ஆகஸ்ட் 23-ல தானே தப்பிச்சு ஓடிவந்தாங்க. கடத்தினவன் அன்னைக்கே ரயில் முன்னாடி விழுந்து செத்தான். சேதி கேட்டு அந்தப் பொண்ணு அழுதுச்சு. அவ்வளவுதான்! நேத்து வரைக்கும் "எங்க குழந்தை"ன்னு உருகின ஊர், "அழறாளே, அப்ப விருப்பப்பட்டுத்தான் இருந்திருக்கா"ன்னு ஆரம்பிச்சது. டிவியில தைரியமாப் பேசினா அதுவும் குத்தம். ஒடுங்கிப் போய் மூலையில உட்கார்ந்திருந்தா இரக்கப்பட்டிருப்பாங்க போல.

நைஜீரியாவுல சிபோக் பள்ளியில 2014-ல போகோ ஹராம் தீவிரவாதிங்க 276 மாணவிகளைத் தூக்கிட்டுப் போனாங்க. உலகமே பதாகை பிடிச்சுச்சு. போகோ ஹராம்கிட்ட இருந்து திரும்பி வந்த பொண்ணுங்களை அங்க ஊருக்குள்ளயே தீவிரவாதி பொண்டாட்டின்னு கூப்பிட்டாங்க. கையில குழந்தையோட வந்தவங்க பாடு இன்னும் மோசம். காணாமப் போனவளுக்குத்தான் ஊரு அழும். திரும்பி வந்தவகிட்டக் கேள்வி கேட்கும்.

உப்புமூட்டை · காலை 11:34

சரிதான். ஆனா கேள்வி கேட்கறதே தப்புங்கறீங்களா? ஏன் ஓடலைன்னு கேட்கறது மனுஷ சுபாவம்தானே.

பனங்காடை · காலை 11:36

இப்படித்தான் ஆரம்பிக்கும்.

உப்புமூட்டை · காலை 11:37

நான் என்னத்தைம்மா சொல்லிட்டேன்? எதைச் சொன்னாலும் என்னைக் குத்தவாளி ஆக்கறதுன்னு கங்கணம் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க எல்லாரும்.

செம்பருந்து · காலை 11:45

கோர்டேரோ பத்தி இன்னும் யாரும் பதில் சொல்லலை.

ஆடிக்காற்று · பகல் 12:10

சுபாவமாம். அதையும் பார்த்துடலாம். அமண்டாவோட அம்மா 2004-ல டிவி நிகழ்ச்சிக்குப் போனாங்க. சில்வியா பிரவுன்னு ஒரு குறிசொல்லி, மகள் உயிரோட இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அந்தத் தாய் 2006 மார்ச்ல செத்துட்டாங்க, மகள் அதே ஊர்ல உயிரோட இருக்கும்போதே. அந்தம்மாவும் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிதான் சொன்னாங்க. உங்க "தெரிஞ்சிருக்கும்" அதே சரக்குதான், வேற புட்டியில.

என் கேள்விக்குக் காலை எட்டு மணியில இருந்து பதில் இல்லை. ராம்சே அங்க எத்தனை வருஷம்? ஒண்ணா, பத்தா? ஒரு சொல் போதும்.

மட்டுறுத்துனர் · பகல் 12:22

தனிநபர் தாக்குதல் வேண்டாம். மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. தொடர்ந்தால் இழை பூட்டப்படும்.

ஆடிக்காற்று · பகல் 12:24

என்னோடது ஏன் ரெண்டு நீக்கினீங்க, அவரோடது ஒண்ணு மட்டும்? அவரும் நீங்களும் பழைய பழக்கம்னு எல்லாருக்கும் தெரியும்.

ராவிளக்கு · பகல் 12:50

2013 ஆகஸ்ட் 7-ல அந்த வீட்டை இடிச்சாங்க. இடிக்கறதுக்கு முன்னாடி வந்து நின்னு, இன்னும் கிடைக்காத பிள்ளைங்களுக்காக மஞ்சள் பலூன் பறக்க விட்டது மிஷெல். காலையில எழுதினதுக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கலை, அதான் திரும்ப எழுதறேன்.

உப்புமூட்டை · பகல் 12:58

நல்ல தகவல், ராவிளக்கு. ஆனா அந்த இடிப்பை வேடிக்கை பார்க்கவும் அதே தெருதானே கூடுச்சு? கைத்தட்ட மட்டும் வருவாங்க.

ஆடிக்காற்று · பகல் 1:01

ராம்சே?

உப்புமூட்டை · பகல் 1:03

சரிய்யா, ஒரு வருஷம்னே வெச்சுக்குவோம். ஒரு வருஷம் போதாதா? பன்னெண்டு மாசம், வேலியை ஒட்டின வீடு!

ஆடிக்காற்று · பகல் 1:04

"வெச்சுக்குவோம்" இல்லை. ஒரு வருஷம். முதல் பதிவுல போய்த் திருத்துங்க.

உப்புமூட்டை · பகல் 1:05

அந்த இழையில திருத்தற நேரம் முடிஞ்சு போச்சு. இருந்தாலும் திருத்த மாட்டேன்.

செம்பருந்து · பகல் 1:20

கோர்டேரோ?

ஆடிக்காற்று · பகல் 1:22

செம்பருந்து, அது கோர்டேரோ இல்லை, கொர்தெரோ. ஸ்பானிஷ்ல அப்படித்தான் சொல்லணும்.

செம்பருந்து · பகல் 1:23

நீங்க எப்ப ஸ்பானிஷ் படிச்சீங்க?