பிள்ளைக்குப் பிடித்ததைப் பிடுங்காமலே படிக்க வைத்தவர்கள் இருக்கிறீர்களா?

பெரம்பூர் அம்மா:
பையனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். பஸ் என்றால் உயிர். 29சி பெரம்பூரிலிருந்து கிளம்பி பெசன்ட் நகர் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு ஸ்டாப்பும் வரிசை மாறாமல் சொல்வான். முன்பு படித்த பள்ளியில் அந்தப் பேச்சை நிறுத்தினால்தான் படிப்பு ஏறும் என்று சொல்லி, வீட்டிலிருக்கும் பஸ் படங்களைக்கூட ஒளித்து வைக்கச் சொன்னார்கள். இப்போது வரும் ஸ்பெஷல் எஜுகேட்டர் நேர் எதிர். ஸ்டாப் பெயர்களை அட்டைகளில் எழுதி வழித்தடப்படி அடுக்கச் சொன்னார். பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் முதல் எழுத்து ஒன்றுதான் என்று அவனே கண்டுபிடித்துக் கத்தினான், பாருங்கள், ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வருவதில் அதுவரை எவ்வளவு குழப்பம்! அப்புறம் கண்டக்டர் விளையாட்டு. வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் அத்தை பிள்ளைகள் உட்கார, இவன் டிக்கெட்டோடு வந்து "எங்க போகணும்?" என்றான். இன்னொரு குழந்தையிடம் அவனாகப் போய்க் கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை.

எஜுகேட்டர் ஒன்றில் மட்டும் கறார்: "எழுதி முடித்தால்தான் பஸ்" என்று பேரம் பேசக்கூடாது.

மயிலாடுதுறை அத்தை:
உண்மைதான் அக்கா. என் அண்ணன் மகளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் தடுமாறும் கற்றல் குறைபாடு; எட்டாம் வகுப்பு. கணக்கு வராது என்று முத்திரை குத்திவிட்டார்கள். மார்கழியில் வாசலில் 15 புள்ளி, இடுக்குப் புள்ளி 8 வரை வைத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் எத்தனை என்று சும்மா கேட்டேன். நடு வரிசையை விட்டுவிட்டு மேல்பாதியை, 14 முதல் 8 வரை, கூட்டினால் 77, கீழேயும் அதே 77, நடுவில் 15, ஆக 169 என்கிறாள், கோலப்பொடியைக் கீழே வைக்காமல்! கேள்வியை வாசித்துக் காட்டினால் போட்டுவிடுகிறாள், வாசிக்கத்தான் தடுமாற்றம். ஆனால் கோலம் இருக்கிறதே என்று உதவியை விட்டுவிட முடியாது. கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் எல்லாம் கேட்கலாம். பத்தாம் வகுப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே மதிப்பீட்டுக்கு அலைகிறோம்.

கோவை அப்பா:
இந்த மாதிரிக் கதைகளைப் படித்துவிட்டு உறவுக்காரர்கள் "உங்க பொண்ணுக்கு என்ன ஸ்பெஷல் திறமை?" என்று ஆரம்பிப்பார்கள், அதுதான் எரிச்சல். என் மகள் பேசமாட்டாள், மேதையும் இல்லை. காயவைத்த துணியை எடுத்து யாருடையது என்று பிரித்து வைப்பாள், தப்பே வராது. தெரபிஸ்ட் அதையே பிடித்துக்கொண்டார். பேச முடியாதவர்கள் படத்தை அழுத்திச் சொல்ல வந்ததைச் சொல்ல உதவும், சென்னையில் உருவான ஆவாஸ் என்ற டேப்லெட் செயலியில் அம்மா சேலை, தாத்தா வேட்டி என்று எங்கள் வீட்டுப் படங்களையே ஏற்றி, யாருக்கு எது என்று அழுத்தவைத்தார். கொஞ்ச நாளில் அவளாகவே முதலில் அழுத்தியது "வேண்டாம்". என் சட்டையைத்தான்!

பள்ளியில் டேப்லெட்டுக்கு அனுமதி இல்லை என்கிறார்கள். அதே படங்களை அட்டையாக்கிப் பையில் கொடுத்தனுப்பியவர்கள் இருந்தால், எத்தனை அட்டையில் ஆரம்பித்தீர்கள் என்று சொல்லுங்கள்.